அடுக்குமொழி பிறந்த ஆற்றங்கரை

எங்கள் நெல்லைச் சீமையில் மேடை போட்டால் அடுக்குமொழி வராமல் இருக்காது. பொன்னாடை போர்த்துகிறவர்கூட மோனை பார்த்துத்தான் வாயைத் திறப்பார். இந்தப் பழக்கத்துக்கு மூலவர் என்று நான் சொல்வது ரா.பி. சேதுப்பிள்ளையைத்தான். 1896-இல் தாமிரபரணிக் கரையில் ராஜவல்லிபுரத்தில் பிறந்தவர். சட்டம் படித்து நெல்லையில் வக்கீலாக இருந்தவர். செய்யுளுக்கென்று கிடந்த எதுகை மோனையை உரைநடைக்கும் மேடைக்கும் இறக்கியவர். தருமபுரம் ஆதீனம் அவருக்குச் 'சொல்லின் செல்வர்' என்று பட்டமே கொடுத்தது. 1943-இல் கம்பராமாயணத்தை எரிக்கலாமா என்று சென்னையில் வாதம் நடந்தபோது, கூடாது என்ற இவருக்கு எதிரே நின்ற அண்ணாவும் அடுக்குமொழிக்காரர்தான். 1955-இல் தமிழுக்குக் கிடைத்த முதல் சாகித்திய அகாதெமி பரிசு, இவருடைய 'தமிழின்ப'த்துக்கு.

வெறும் ஒலி என்று அவரைத் தள்ளுகிறவர்கள் 'ஊரும் பேரும்' நூலைப் பிரித்துப் பார்க்கட்டும். குடியும் படையும், குலமும் கோவும் என்று அதிகாரத் தலைப்புகள்கூட ஓசையோடுதான் நிற்கும். உள்ளே போனால் கல்வெட்டும் பாட்டும் சான்றுக்கு நிற்க, ஊர் ஊராகக் கணக்கு வருகிறது. நெல்லை நகர்மன்றத்தில் இருந்தபோது சிதைந்து கிடந்த தெருப்பெயர்களைத் தேடித் திருத்தியவரும் அவரே. அலங்காரம் அவருக்கு உடுப்பு. உள்ளே ஆள் இருந்தார்.

பின்னால் வந்தவர்கள் உடுப்பை மட்டும் உருவிக்கொண்டார்கள். அதுதான் எனக்கு ஆற்றாமை. பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற தமிழாசிரியர் நான். சேரன்மகாதேவிப் பையன் ஒருவன், யாரோ எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து வந்தான். "தவழ்ந்து வரும் தண்பொருநைத் தாயே, தரணி போற்றும் தமிழின் சேயே" என்று மூச்சுவிடாமல் ஓடியது. தாய் எப்படிச் சேயானாள் என்று எழுதியவருக்கே தெரிந்திருக்காது. தண்பொருநை என்கிற இந்தத் தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு உண்டே, ஒன்றின் பெயராவது சொல்லுடே என்றேன். விழித்தான்.

அவன் ஊர் வயலுக்குப் பாய்வதே கன்னடியன் கால் தண்ணீர். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எழுதி அவன் கையில் கொடுத்தேன். முந்தைய ஏழும் பழங்காலத்தவை, ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரன் காலத்தது என்பதையும் சேர்த்தேன். மோனை வேண்டுமானால் இதற்கு மேல் போட்டுக்கொள்ளட்டும்.