வட்ட ஆர்.என்.ஏ.யும் பெருங்குடற் புற்றுநோயும்: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத் தீவகத்தில் ஊர்காவற்றுறையும் புங்குடுதீவும் தரைவழியாகக் குடாநாட்டோடு இணைக்கப்பட்டவை. நயினாதீவும் நெடுந்தீவும் அவ்வாறல்ல. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவை அடையப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் செல்லும். கடல் கொந்தளிக்கும் நாள்களில் அப்போக்குவரத்தும் தடைப்படும். பெருங்குடலை உள்நோக்கிக் கருவியாற் பரிசோதிக்க வேண்டிய நெடுந்தீவு நோயாளர் இக்கடலைக் கடந்தே செல்லவேண்டும். பெருங்குடற் புற்றுநோயோ பெரும்பாலும் குடற்சுவரிற் சிறு முளையாகத் தோன்றி, ஆண்டுக்கணக்கில் அறிகுறியின்றி வளர்வது. முளை நிலையிலேயே அதனை அகற்றினால் நோயைத் தடுக்கலாம். ஆதலின், சிறிதளவு குருதியைக் கொண்டே இந்நோயை அறியலாகுமா என்னும் வினா தீவக மக்களுக்கு ஆய்வுகூட வினா மட்டுமன்று. அவ்விடையைத் தேடுவோர் இன்று ஆராயும் பொருள்களுள் ஒன்றே வட்ட ஆர்.என்.ஏ. ஆகும்.

பரம்பரையலகிலுள்ள செய்தியைப் படியெடுத்துப் புரதம் ஆக்குமிடத்துக்குக் கொண்டுசெல்வது ஆர்.என்.ஏ. அது இரு முனைகளையுடைய இழை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. உருளைக்கிழங்கைத் தாக்கும் வைரோயிட்டு என்னும் நோய்க்காரணியை 1971இல் தியோடர் டீனர் இனங்கண்டார். அதன் ஆர்.என்.ஏ. முனையற்ற வளையம் என்பதை 1976இற் சேங்கரும் அவர்தம் குழுவினரும் நிறுவினர். 1979இல் இசூ, கோகா-பிராடோசு ஆகிய இருவரும் விலங்குக் கலங்களின் குழியவுருவிலும் இத்தகைய வளையங்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியிற் கண்டனர். எனினும் அக்காட்சியின் பொருளை அன்று எவரும் விளக்கினாரல்லர்.

பெருங்குடற் புற்றுநோயோடு இவ்வரலாறு கலந்தது 1991இலாகும். அந்நோயிற் பெரும்பாலும் இழக்கப்படுவதாலேயே டி.சி.சி. எனப் பெயர்பெற்ற பரம்பரையலகை அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் வோகல்சுரைன் குழுவினர் ஆராய்ந்துகொண்டிருந்தனர். அதன் ஆர்.என்.ஏ. துண்டுகள் சில வரிசை பிறழ்ந்து இணைந்திருப்பதை அவர்கள் கண்டனர். பின்னால் வரவேண்டிய துண்டின் இறுதி, முன்துண்டின் தொடக்கத்தோடு பொருந்தும்போது வளையம் உருவாகின்றது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும், இது கலத்தின் கைப்பிழை என்ற கருத்தே இருபது ஆண்டுகளாக மேலோங்கி நின்றது.

2013இல் அக்கருத்து மாறியது. டென்மார்க்கிலும் பேர்லினிலும் இயங்கிய இரு குழுவினர், ஒரு வளையம் எழுபதுக்கு மேற்பட்ட இடங்களில் மைக்ரோ ஆர்.என்.ஏ.-7 என்னும் நுண்மூலக்கூற்றைப் பற்றிக்கொள்கின்றது எனக் காட்டினர். அந்நுண்மூலக்கூறு கலவளர்ச்சியைத் தூண்டும் புரதங்களை அடக்குவது; அது பிடிபடும்போது கடிவாளம் தளர்கின்றது. பெருங்குடற் புற்றுநோயில் இவ்வளையம் மிகுந்திருத்தல் நோயின் கடுமையோடு தொடர்புடையது என 2017இல் வெளியான ஆய்வு கூறிற்று. இதற்கு மாறான ஓர் உண்மையும் உண்டு. புற்றுத்திசுவில் வட்ட ஆர்.என்.ஏ.யின் மொத்த அளவு இயல்பான திசுவிலும் குறைவென 2015இல் வியன்னா ஆய்வாளர் கண்டனர். கலங்கள் விரைந்து பிரியும்போது வளையங்கள் பங்கிடப்பட்டு ஐதாவது இதற்குக் காரணமாகலாம். எனவே எல்லா வளையங்களும் நோயை வளர்ப்பன அல்ல; சிலவே அவ்வாறு செய்வன.

ஆர்.என்.ஏ.யை முனையிலிருந்து சிதைக்கும் நொதியங்களுக்கு வளையத்தில் முனை இல்லை. இதனால் அது குருதியில் நிலைத்திருக்கின்றது. நோயாளரின் குருதியில் அதனை ஆய்வாளர் கண்டும் உள்ளனர். ஆயினும் அது இன்னும் வைத்தியசாலைப் பரிசோதனையாகவில்லை.

1979இற் கண்டதன் பொருள் விளங்க 2013 வரை, முப்பத்து நான்கு ஆண்டுகள், செல்லவேண்டியிருந்தது. நெடுந்தீவு நோயாளர் அவ்வாறு காத்திருத்தல் இயலாது. காத்திருக்க வேண்டிய தேவையுமில்லை. மலத்தில் மறைந்துள்ள குருதியைக் கண்டறியும் எளிய பரிசோதனை இன்றே உண்டு. நோயாளருக்கு முன் அவர்தம் மாதிரி படகேறலாம். ஐயத்துக்குரியோர் மட்டும் பின்னர்க் கடல் கடந்தாற் போதும். புதிய அறிவை எதிர்நோக்கும் வேளையில், கைவசமுள்ள அறிவைக் கடல் கடத்திக் கொண்டுசேர்ப்பதே முதற்கடமையாகும்.