பெற்றோர் பிரிந்தால் பிள்ளைகள் யாருக்கு?

கணவனும் மனைவியும் பிரிய நேரும்போது, அது அவ்விருவருக்கும் இடையிலான வழக்கு என்றே நாம் கருதி வருகிறோம். மஹர், நகை, ஜீவனாம்சம் என்று பேச்சு நீள்கிறது. நடுவே நிற்கும் குழந்தையிடம் எவரும் ஒரு சொல் கேட்பதில்லை. அக்குழந்தையின் நலனைக் கருத வேண்டும் என்பதை ஆங்கிலச் சட்டம் ஏற்க நெடுங்காலம் ஆயிற்று. அவ்வரலாறு நம் நாட்டு நீதிமன்றங்களையும் தொட்டதாகையால், அதனைச் சற்று நோக்குவோம்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பிள்ளைகள் முழுக்கத் தந்தைக்கே உரியவர்கள். 1804இல் எட்டு மாதக் குழந்தையைத் தாயிடமிருந்து தந்தை பறித்துச் சென்ற வழக்கில், நீதிமன்றம் தந்தையின் பக்கமே நின்றது.

இந்நிலையை எதிர்த்து எழுந்தவர் கரோலின் நார்ட்டன். நாடகாசிரியர் ரிச்சர்ட் பிரின்ஸ்லி ஷெரிடனின் பேத்தியான இவர், கவிதையும் கதையும் எழுதிப் புகழ் பெற்றவர். 1827இல் வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டனை மணந்து மூன்று ஆண் மக்களைப் பெற்றார். கணவரோ மனைவியை அடித்துத் துன்புறுத்தினார். 1836இல் பிள்ளைகள் மூவரையும் தாயிடமிருந்து அகற்றிய அவர், பிரதமர் மெல்போர்ன் பிரபுவோடு மனைவிக்குத் தகாத தொடர்பு உண்டென்று வழக்கும் தொடுத்தார். ஜூரிகள் அதனை ஏற்கவில்லை. கரோலின் மீதிருந்த பழி நீங்கிற்று. பிள்ளைகள் மட்டும் திரும்பி வரவில்லை. முறையான மணவிலக்கும் கிட்டாமல், பிரிந்து வாழும் மனைவியாகவே அவர் நின்றார்.

தாயின் உரிமையை விளக்கி அவர் சிறு நூல்கள் எழுதி வெளியிட்டார். நாடாளுமன்ற உறுப்பினர் தாமஸ் டால்ஃபோர்டு அதற்கென மசோதா கொண்டுவந்தார். 1838இல் பிரபுக்கள் சபை தள்ளிய அம்மசோதா, 1839இல் சட்டமாயிற்று. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளவும், அவ்வயதைக் கடந்தவர்களைச் சென்று காணவும் தாய் நீதிமன்றத்தை நாட அச்சட்டம் வழி செய்தது.

ஆயினும் கரோலினுக்கு அதனால் பயன் விளையவில்லை. அவருடைய பிள்ளைகள் ஸ்காட்லாந்தில் வைக்கப்பட்டிருந்தனர். அச்சட்டம் அங்கே செல்லாது. 1842இல் இளைய மகன் வில்லியம் குதிரையிலிருந்து விழுந்தான். சிறு காயம்தான், நஞ்சேறி உயிரையே கொண்டு சென்றது. அவனுக்கு அப்போது பத்து வயதும் நிரம்பவில்லை. செய்தி கேட்டு ஓடிவந்த தாய், மகனை உயிரோடு காணவில்லை. அதன் பின்னரே மற்ற இரு மக்களையும் காணத் தந்தை இடங்கொடுத்தார்.

1925இல் இங்கிலாந்து, பிள்ளையின் நலனே முதன்மையானது என்று சட்டத்தில் எழுதிற்று. இந்தியாவில் 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம், பிள்ளைக்குரிய தனிச் சட்டத்துக்கு இணங்க அதன் நலனைக் கருதும்படி நீதிபதிக்குப் பணித்தது. விவரம் அறிந்த வயதுடைய பிள்ளையின் விருப்பத்தையும் கருதலாம் என்றது.

பிரிவினால் பிள்ளைகளுக்கு நேர்வது என்ன என்பதைப் பிற்காலத்தில் அறிஞர்கள் ஆராய்ந்தனர். அமெரிக்க உளவியல் அறிஞர் மேவிஸ் ஹெதரிங்டன், ஏறத்தாழ 1,400 குடும்பங்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து 2002இல் நூல் வெளியிட்டார். மணவிலக்கான குடும்பத்துப் பிள்ளைகளில் ஏறக்குறைய நூற்றுக்கு 25 பேர் கடுமையான மன, நடத்தைச் சிக்கல்களுக்கு உள்ளாயினர். பிரியாத குடும்பங்களில் இத்தொகை 10. எஞ்சிய பெரும்பாலோர் காலப்போக்கில் தேறினர். ஓயாத பெற்றோர் சண்டையும், பொருள் முடையும், அன்பான கண்காணிப்பின் குறைவுமே பிள்ளைகளை வாட்டுவன என்பதை இத்தகைய ஆய்வுகள் பலவும் உணர்த்துகின்றன.

ஆகவே, பிரிவு தவிர்க்க இயலாதபோதும் நம் கையில் சில உள்ளன. உம்மாவின் முன் வாப்பாவையும், வாப்பாவின் முன் உம்மாவையும் பழித்துப் பிள்ளையைச் சாட்சி நிறுத்தாதிருப்பது நம்மால் இயலும். பெருநாளன்று பிள்ளை இரு வீட்டு வாசலையும் அச்சமின்றி மிதிக்கச் செய்வதும் இயலும். ஜமாஅத்தில் கூடிப் பேசும் பெரியவர்கள், மஹரையும் நகையையும் எண்ணுமுன் பிள்ளையை யார், எவ்வாறு பேணுவது என்று முதலில் கேட்பார்களாயின், வில்லியமின் தாய் அடைந்த துயரம் நம் இல்லங்களில் எவருக்கும் நேராது.