உதயமும் கடிகாரமும்: இராகு கால அட்டவணையும் மலாயாவின் நேர மாற்றங்களும்

முன்னுரை

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் இல்லங்களில் தொங்கும் நாள்காட்டிகளில் இராகு காலம், எமகண்டம், குளிகை ஆகியவற்றைக் குறிக்கும் சிறு அட்டவணையைக் காண்கிறோம். திங்கட்கிழமை இராகு காலம் 7.30 முதல் 9.00 வரை என்பது நம்மில் பலருக்கு மனப்பாடம். ஏழு சொற்களின் முதலெழுத்துகளால் கிழமை வரிசையை நினைவூட்டும் வாசகம் ஒன்றும் தமிழகத்திலிருந்து நம்முடன் வந்துள்ளது. இந்நம்பிக்கையை ஏற்பதா மறுப்பதா என்பது இக்கட்டுரையின் பொருளன்று. அவ்வட்டவணையில் உள்ள மணிக்கணக்கு எங்கிருந்து வந்தது, மலாயா மண்ணில் அதற்கு என்ன நேர்ந்தது என்பனவற்றை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இதன் நோக்கமாகும்.

பழந்தமிழர் பொழுதறிந்த முறை

நற்காரியத்திற்கு நாள் பார்க்கும் வழக்கம் தமிழரிடையே தொன்மையானது. அகநானூற்றின் 86, 136ஆம் பாடல்கள் திருமண நாளைத் திங்களின் நிலையோடு இணைத்துப் பேசுகின்றன. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகி திருமணம் திங்கள் உரோகிணியைச் சேர்ந்த நாளில் நிகழ்கிறது. தொல்காப்பியக் களவியல் ‘ஓரை’, ‘நாள்’ என்னும் இரண்டையும் சேர்த்துக் குறிக்கிறது. இவ் ‘ஓரை’ கிரேக்கச் சொல்லின் வழிவந்தது என்று கொண்டு, பேராசிரியர் ச. வையாபுரிப்பிள்ளை அதனை நூலின் காலத்தைக் கணிக்கும் சான்றுகளுள் ஒன்றாக்கினார். சங்கப் பாடல்களில் ஓரை என்பது மகளிர் விளையாட்டையும் குறிப்பதால், அது தமிழ்ச்சொல்லே என வாதிட்டோரும் உளர்.

பகற்பொழுதின் உட்பிரிவுகளை அளக்க நாழிகை பயன்பட்டது. அரசனின் பாசறையில் நீர்க்கடிகையைக் கொண்டு பொழுதை அளந்து அறிவித்தோரை முல்லைப்பாட்டு காட்டுகிறது. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். இரு நாழிகை கொண்டது ஒரு முகூர்த்தம். இக்கணக்கில் நாள் நள்ளிரவில் தொடங்குவதன்று. அவ்வூரில் ஞாயிறு எழும்போது தொடங்குவது. ஆகவே ‘உதயாதி நாழிகை’ என்று சொல்லும்போதே இன்ன ஊர் என்பதும் அதனுள் அடங்கிவிடுகிறது.

எட்டில் ஒரு பங்கு

இராகு காலக் கணக்கின் அடிப்படை எளியது. உதயம் முதல் மறைவு வரையுள்ள பகலை எட்டுச் சம பங்குகளாகப் பிரிக்க வேண்டும். பகல் 30 நாழிகை எனின் ஒரு பங்கு மூன்றே முக்கால் நாழிகை, அதாவது 90 நிமிடம். திங்களுக்கு இரண்டாம் பங்கு, சனிக்கு மூன்றாவது, வெள்ளிக்கு நான்காவது, புதனுக்கு ஐந்தாவது, வியாழனுக்கு ஆறாவது, செவ்வாய்க்கு ஏழாவது, ஞாயிறுக்கு எட்டாவது என்பது வரிசை.

குளிகையின் வரிசைக்குத் தெளிவான விதி ஒன்று உண்டு. அன்றைய கிழமைக்குரிய கோளை முதற்பங்கில் வைத்து வரிசையாக எண்ணினால், சனிக்குரிய பங்கு குளிகையாகும். அவ்வாறே வியாழனுக்குரிய பங்கு எமகண்டமாகும். இராகு காலத்தின் வரிசை இவ்விதிக்குள் அடங்குவதில்லை. அதனாற்றான் அதனை வாசகமாக மனனம் செய்ய வேண்டியிருந்தது போலும்.

விதி நாழிகையில் அமைந்தது. நம் கையிலுள்ள அட்டவணையோ மணியில் அமைந்துள்ளது. உதயம் 6.00 மணி, மறைவு 6.00 மணி என்று கொண்டால்தான் இரண்டாம் பங்கு 7.30 முதல் 9.00 வரை என வரும். சென்னையில் ஆண்டு முழுவதும் ஞாயிறு ஏறத்தாழ 5.40-க்கும் 6.36-க்கும் இடையே எழுகிறது. பங்கின் அளவும் பருவத்திற்கேற்ப ஏறத்தாழ 85 முதல் 97 நிமிடம் வரை மாறும். எனவே தமிழகத்திற்கும் இவ்வட்டவணை ஒரு சராசரியேயன்றித் துல்லியமன்று. எனினும் அது உண்மைக்கு அண்மையில் நின்றது.

மலாயாவில் நகர்ந்த கடிகாரம்

மலாயாவின் நேர வரலாறு ஈண்டு இன்றியமையாததாகிறது. 1905 ஜூன் முதல் இங்குக் கிரீன்விச் நேரத்திற்கு 7 மணி முற்பட்ட பொது நேரம் நிலவியது. அக்கணக்கில் கோலாலம்பூரில் ஞாயிறு ஏறத்தாழ 5.55-க்கும் 6.25-க்கும் இடையே எழும். ஆறு மணி உதயம் என்னும் கணக்கு இம்மண்ணுக்கு அப்போது பெரிதும் பொருந்தியது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடாதலின், இங்குப் பகல் எப்போதும் ஏறக்குறைய 12 மணி நேரமே. ஆதலால் பங்குக்கு 90 நிமிடம் என்பது சென்னையைவிட இங்கு நன்கு பொருந்துகிறது. தோட்டங்களிலும் நகரங்களிலும் அக்காலத்தில் வாழ்ந்த நம் முன்னோர் இவ்வட்டவணையைப் பின்பற்றியிருப்பின், அவர்கள் பெரும்பிழை எதுவும் செய்தாரல்லர்.

பின்னர்க் கடிகாரம் நகரத் தொடங்கியது. 1933-இல் அது 20 நிமிடம் முன்னே தள்ளப்பட்டது. 1941 செப்டம்பரில் மேலும் 10 நிமிடம். 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆட்சியில் டோக்கியோ நேரம் புகுத்தப்பட்டது. அக்காலத்தில் கோலாலம்பூரில் ஞாயிறு எழுகையில் கடிகாரம் 8 மணியைக் காட்டியது. சில மாதங்களில் அதனையும் தாண்டியது. போருக்குப் பின் ஏழரை மணிக் கணக்கு மீண்டது. தீபகற்ப மலேசியாவை சபா, சரவாக் நேரத்துடன் ஒன்றாக்கும் பொருட்டு, 1982 ஜனவரி 1-இல் கடிகாரம் மேலும் அரைமணி முன்னே சென்றது. சிங்கப்பூரும் உடன் மாறியது.

இம்மாற்றங்களின் விளைவாக இன்று கோலாலம்பூரில் ஞாயிறு ஏறத்தாழ 6.55-க்கும் 7.25-க்கும் இடையே எழுகிறது. நண்பகலும் 12 மணிக்கன்றி 1 மணியை ஒட்டியோ அதற்குப் பின்னரோ வருகிறது. அதே கடிகாரத்தைப் பின்பற்றும் கோத்தா கினபாலுவில் உதயம் ஆறு மணியை ஒட்டி, 6.35-க்குள் நிகழ்ந்துவிடுகிறது. ஒரே நாட்டில், ஒரே மணிக்கணக்கில், அச்சிட்ட அட்டவணை ஓரிடத்திற்குப் பொருந்தி மற்றோரிடத்திற்குப் பொருந்தாது போகிறது.

இருவகை நேரம்

இச்சிக்கலைத் தீர்க்க எண்ணுவோர் சிலர் மற்றொரு பிழைக்கு ஆளாகின்றனர். இந்திய நேரத்திற்கும் நம் நேரத்திற்கும் இரண்டரை மணி வேறுபாடு உண்டு என்பதால், பஞ்சாங்கத்தில் கண்ட எல்லாவற்றுடனும் அதனைக் கூட்டிவிடுகின்றனர். பஞ்சாங்கத்தில் இருவகை நேரங்கள் உள்ளன என்பதை இங்குப் பிரித்தறிய வேண்டும். திதியும் நட்சத்திரமும் வானில் திங்களின் நிலையைப் பொறுத்தவை. அவை முடியும் கணம் உலகெங்கும் ஒன்றே. இந்திய மணிக்கணக்கில் அது தரப்பட்டிருப்பின் இரண்டரை மணி கூட்டுவது முறையாகும். இராகு காலமும் ஓரையும் அவ்வவ்வூர் உதயத்தைப் பொறுத்தவை. அவற்றோடு எதனையும் கூட்டுவதற்கில்லை. உள்ளூர் உதயத்திலிருந்து புதிதாகவே எண்ண வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். கோலாலம்பூரில் ஒரு திங்கட்கிழமை ஞாயிறு 7.15-க்கு எழுகிறது எனக் கொள்வோம். விதிப்படி இராகு காலம் 8.45 முதல் 10.15 வரை. அட்டவணையை அப்படியே கொள்பவர் 9.00 மணிவரை காத்திருந்து, 9.15-க்குப் புதுமனை புகுகிறார். இரண்டரை மணி கூட்டுபவர் இராகு காலம் 10.00 மணிக்கே தொடங்குமெனக் கருதி, அதற்கு முன் முடிக்க எண்ணி அதே 9.15-க்குப் புகுகிறார். இருவரும் எதனைத் தவிர்க்க முயன்றனரோ அதனுள்ளேயே நுழைந்துள்ளனர். நம்பிக்கை உடையவர்க்கு இது சிறிய செய்தியன்று.

மறுப்பின் மரபு

நாளும் கோளும் அடியாரை ஒன்றும் செய்யா என்னும் கருத்தும் தமிழ் மரபினதே. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் மதுரைக்குப் புறப்படுகையில், கோள்நிலை நன்றாக இல்லை என அப்பர் தடுத்ததாகவும், அதற்கு விடையாகக் கோளறு பதிகம் எழுந்ததாகவும் மரபு கூறும். 20ஆம் நூற்றாண்டில் சுயமரியாதை இயக்கத்தார் வேண்டுமென்றே இராகு காலத்தில் திருமணம் நடத்தினர். 1929ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய பெரியாரின் மலாயாப் பயணம் இங்கும் அவ்வியக்கத்திற்கு ஊக்கமளித்தது. இவற்றுள் முன்னது இறையருளைச் சான்றாக்கியது. பின்னது பகுத்தறிவைச் சான்றாக்கியது. நல்ல நேரம் பற்றிய தமிழரின் சிந்தனை எக்காலத்தும் ஒருமுகமாக இருந்ததில்லை என்பதை இவை உணர்த்துகின்றன.

முடிவுரை

இராகு கால அட்டவணை வானத்தைப் பார்த்து எண்ணிய ஒரு விதியின் சுருக்கமாகும். சுருக்கம் நிலைத்தது, விதி மறக்கப்பட்டது. அட்டவணை மாறாதிருக்க, கடிகாரம் அரசாணைகளால் பன்முறை மாறியது. இதனால் மரபைக் காக்கிறோம் என்று எண்ணுவோரே மரபின் கணக்கிலிருந்து விலகி நிற்கின்றனர்.

நாள்காட்டி வெளியிடுவோர் ஊர்வாரியாக உதய நேரத்தைத் தந்து, இராகு காலத்தை நாழிகைக் கணக்கில் குறிப்பிட்டாலே இக்குழப்பத்தில் பெரும்பகுதி நீங்கும். தமிழாசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. நாழிகை, முகூர்த்தம், ஓரை போன்ற சொற்களை வகுப்பில் பொருள்கூறி விடுவதோடு அமையாது, மாணவர் தம் ஊரின் உதய நேரத்தைக் கொண்டு பகலை எட்டாகப் பகுத்துப் பார்க்கச் செய்யலாம். அக்கணக்கைத் தாமே செய்து பார்த்த மாணவர், பின்னர் அதனை ஏற்பினும் மறுப்பினும் அறிந்தே அதனைச் செய்வர்.