மகிழடியும் மகளிர் நூல்களும்

திருவொற்றியூர்த் தியாகராசப் பெருமான் திருக்கோயிலில் ஒரு மகிழ மரம் உண்டு. ஆண்டுதோறும் மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை நிகழும்போது, அம்மரத்தடியில் சுந்தரமூர்த்தி நாயனார் சங்கிலி நாச்சியாருக்குச் சபதம் செய்து கொடுத்த வரலாறு நினைவுகூரப்படுகிறது. எங்கள் ஊரில் வளர்ந்தவர் எவரும் இக்கதையை அறியாதிரார். பெண்களின் வாழ்வையும் உறவையும் போராட்டத்தையும் கூறும் நூல்களைப் பற்றிப் பேச முற்படும் நான், அம்மரத்தடியிலிருந்தே தொடங்க விரும்புகிறேன்.

கதையைச் சேக்கிழார் பெருமான் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணம் விரித்துரைக்கிறது. சங்கிலியார் ஒற்றியூருக்கு அணித்தான ஞாயிறு என்னும் ஊரிலே வேளாளர் குடியிற் பிறந்தவர். மணப்பருவம் எய்தியபோது பெற்றோர் திருமணம் பேசத் தொடங்கினர். அப்பேச்சே அவருக்குப் பொருந்தவில்லை. தாம் ஒற்றியூர் சென்று இறைவன் பணியில் இருக்க விரும்புவதை வெளிப்படையாகச் சொன்னார். பெற்றோரும் இசைந்து, ஒற்றியூரிற் கன்னிமாடம் அமைத்துக் கொடுத்தனர். அங்கே அவர் நாள்தோறும் மாலை தொடுத்து வந்தார்.

அவரைக் கண்டு காதல் கொண்ட சுந்தரர் இறைவனிடம் முறையிட்டார். இறைவன் சங்கிலியாரின் கனவில் தோன்றிச் சுந்தரரை மணக்குமாறு பணித்தார். அப்போதும் சங்கிலியார் உடனே தலையசைத்துவிடவில்லை. அவர் திருவாரூரிற் பரவையாரோடு மகிழ்ந்து வாழ்பவர் ஆயிற்றே என்று எடுத்துக் கூறினார். பிரியேன் என்று சபதம் செய்து தருவான் என இறைவன் உறுதி சொன்ன பின்னரே அவர் மனம் இசைந்தது. சுந்தரரோ, தாம் சபதம் செய்யும் வேளையிற் சந்நிதியை விட்டு மகிழின்கீழ்ச் சென்றிருக்குமாறு இறைவனை வேண்டிக்கொண்டார். இறைவன் அதற்கும் இசைந்து, சபதத்தை மகிழின்கீழ்க் கேட்குமாறு சங்கிலியாருக்கும் உணர்த்திவிட்டார். சபதம் நடந்தது, மணமும் நடந்தது. இளவேனில் வந்தவுடன் ஆரூர் விழாவும் பரவையார் நினைவும் சுந்தரரை இழுத்தன. ஒற்றியூர் எல்லையைக் கடந்த அளவில் அவர் கண்கள் இரண்டும் ஒளி இழந்தன.

இதன் பிறகு நூல் சுந்தரரைப் பின்தொடர்ந்து செல்கிறது. வெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மற்றொரு கண் என்று ஒவ்வொன்றையும் நாம் காண்கிறோம். பரவையாரின் ஊடலையும், அதனைத் தணிக்க இறைவன் தூது சென்றதையும் படித்துச் சுவைக்கிறோம். நூலின் முடிவில், சங்கிலியார் கயிலையில் மீண்டும் தேவியின் பணியில் அமர்ந்த செய்தி வருகிறது. இடைப்பட்ட காலத்தில் ஒற்றியூரில் அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதற்கு விடை இல்லை.

இவ்வினா என் வினா அன்று. ஆசிரியப் பணியில் நான் இளையவனாய் இருந்த காலத்தில், ஒன்பதாம் வகுப்பில் இக்கதையைச் சொல்லி முடித்தேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள். அவளுடைய தாயார் கூடையிற் மீன் சுமந்து விற்பவர். “ஐயா, அவருக்குத்தான் கண் திரும்பக் கிடைத்துவிட்டது. சங்கிலியார் பிறகு என்ன ஆனார்?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. “அது பாடத்தில் இல்லை, உட்கார்” என்றேன். அவ்வாண்டின் இறுதியில் அவள் பள்ளியை விட்டு நின்றுவிட்டாள். ஏன் நின்றாள் என்று நான் கேட்டறியவில்லை. சங்கிலியாரைப் பற்றி நூல் மௌனம் சாதித்ததுபோல, அவளைப் பற்றி நானும் மௌனம் சாதித்தேன்.

சேக்கிழாரைக் குறை கூறுவது என் கருத்தன்று. அவர் எடுத்துக்கொண்ட பொருள் தொண்டர் வரலாறு. அவ்வரம்புக்குள்ளும் ஒரு கன்னியின் மறுப்பையும் ஐயத்தையும் அவர் மறைக்காமல் எழுதினார் என்பது வியந்து போற்றத்தக்கது. ஆயினும், ஒருவருடைய வாழ்வைப் பிறர் எழுதும்போது, எழுதுவோருக்குத் தேவையான அளவே அவ்வாழ்வு நூலில் இடம்பெறுகிறது. மகளிரைப் பற்றிய நூல்களின் வரலாறு முழுவதிலும் இவ்வுண்மையைக் காணலாம்.

ஒற்றியூர்க் கோயிலின் கல்வெட்டுகள் இதற்கு மற்றொரு சான்று தருகின்றன. சோழன் இரண்டாம் இராசாதிராசன் காலத்தில், பங்குனி உத்திர விழாவின்போது இக்கோயிலில் ஆளுடைய நம்பியின் சீபுராணம் படிக்கப்பட, மன்னன் அதனைக் கேட்டிருந்தான் என ஒரு கல்வெட்டுக் கூறுகிறது. ஆளுடைய நம்பி என்பது சுந்தரரின் பெயர். கேட்டிருந்த சான்றோர் சிலரின் பெயர்களும் அதில் உள்ளன. சங்கிலியார் வாழ்ந்த ஊரிலேயே, அவர் கணவரின் வரலாறு அரசவைச் சிறப்போடு ஓதப்பட்டது.

அதே கோயிலிற் பணி செய்த பெண்களையும் கற்கள் அறியும். 11-ஆம் நூற்றாண்டில் சதுரன் சதுரி என்னும் தேவரடியாள், நாகன் பெருங்காடன் என்பவனின் அகமுடையாள் எனக் குறிக்கப்படுகிறாள். 14-ஆம் நூற்றாண்டில் பதியிலார், இடபத்தளியிலார், தேவரடியார் ஆகிய மகளிர் குழுவினரிடையே யார் எப்பணியைச் செய்வது என்பதிற் பூசல் எழுந்து, பணி நின்று போய், விசாரணை நடந்து, முறை வகுக்கப்பட்டது. மகளிர் தம் உரிமைக்காக வாதாடிய நிகழ்ச்சி இது. எனினும் கல்லில் நிற்பது தீர்ப்பே அன்றி, அவர்கள் வாதாடிய சொற்கள் அல்ல.

அச்சு இயந்திரம் பரவிய 19-ஆம் நூற்றாண்டில் நிலைமை சற்றே மாறியது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை பெண்மதி மாலையை 1869-லும், பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879-லும் வெளியிட்டார். அப்புதினத்து ஞானாம்பாள் ஆண் வேடத்தில் நாடாளும் அறிவுடையவள். அ. மாதவையா 1898-இல் பத்மாவதி சரித்திரத்தையும், 1903-இல் முத்துமீனாட்சியையும் தந்தார். இளமையிற் கணவனை இழந்த பெண் ஒருத்தி தன் கதையைத் தானே சொல்வதாக முத்துமீனாட்சி அமைந்துள்ளது. இந்நூல்கள் பெண் கல்விக்கும் கைம்பெண் மறுமணத்துக்கும் ஆற்றிய தொண்டு பெரிது. ஆனால் ஞானாம்பாளின் அறிவும் முத்துமீனாட்சியின் கண்ணீரும் ஆண்மக்களின் எழுதுகோல் வழியே வந்தவை.

பெண் தானே எழுத முற்பட்டபோது எத்தகைய தடை இருந்தது என்பதற்கு வை. மு. கோதைநாயகி அம்மாளின் வாழ்வு சான்று. 1901-இற் பிறந்த அவருக்கு ஆறு வயது நிறையுமுன்பே திருமணம் ஆகிவிட்டது, பள்ளிக்கூடம் செல்லவில்லை. அவருடைய உள்ளத்திற் கதைகள் நிறைந்திருந்தன; கைக்கோ எழுதும் பழக்கம் இல்லை. ஆகவே இந்திர மோகனா என்னும் முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அந்நாடகம் 1924-இல் நூலாயிற்று. மறு ஆண்டில் ஜகன்மோகினி இதழை ஏற்றுக்கொண்டார். பின்னர் நூற்றுப் பதினைந்து புதினங்கள் எழுதிக் குவித்தார். ஒரு தோழியின் கை உதவியிருக்காவிடில், இவ்வளவும் பேசாமலே மறைந்திருக்கும் அல்லவா?

மற்றொருவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். 1883-இற் பிறந்து, தேவதாசி ஒருவரால் வளர்க்கப்பெற்று, அவ்வாழ்வின் துன்பத்தை உள்ளிருந்து கண்டவர். 1936-இல் அவர் எழுதிய தாசிகள் மோசவலை என்னும் புதினம், பொட்டுக் கட்டும் வழக்கத்தை மேடையிற் பேசுவதுபோல வன்மையாகக் கண்டிக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்திலும், அம்மையார் ஊர் ஊராகவும் போராடினர். 1947-இல் சென்னை மாகாணத்தில் அவ்வழக்கத்தை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. ஒற்றியூர்க் கல்லில் எழுதப்படாமற் போன சொற்களுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து அந்நூலில் ஒரு குரல் கிடைத்தது என்றே நான் எண்ணுகிறேன்.

1925 முதல் 2014 வரை வாழ்ந்த ராஜம் கிருஷ்ணன் இன்னொரு வழியைக் காட்டினார். எழுதப்போகும் மக்களிடம் நேரிற் சென்று, கேட்டு, கண்டு, அதன் பின்னரே அவர் எழுதினார். கரிப்பு மணிகள் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றியது. அதனைப் படித்தபோது, எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய உப்பளங்களில் நான் சிறுவனாய்ப் பார்த்த பெண்களின் வெடித்த பாதங்கள் நினைவுக்கு வந்தன. கண் முன்னே இருந்தும் நான் காணாதவற்றை, நெடுந்தொலைவு பற்றிய அந்நூல் எனக்குக் காட்டியது. தாம் அறியாத வாழ்வை எழுதுபவர் முதலில் வினவ வேண்டும் என்பது அவர் நூல்களிலிருந்து நான் கற்ற பாடம்.

ஆகவே ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலத்திற்கு நின்றவர்களும், ஆலைச் சங்கொலி கேட்டுப் பொழுதைக் கணக்கிட்டவர்களுமான மூதாட்டியர் இப்பகுதியிற் பலர் உள்ளனர். உங்கள் இல்லத்திலும் ஒருவர் இருக்கக்கூடும். அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். எழுத அறிந்தவராயின் குறிப்பேட்டை அவரிடமே கொடுங்கள். பட்டம்மாள் செய்த உதவி நம் எவராலும் செய்யக்கூடியதே.

என் வகுப்பில் அன்று வினவிய மாணவிக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கலாம். சங்கிலியார் பிறகு என்ன ஆனார் என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது. அவள் என்ன ஆனாள் என்பதை மட்டும் நான் அன்றே கேட்டிருக்கலாம்.