முழங்கையில் ஒரு தட்டு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இங்கே புனேயில் எங்கள் குடியிருப்பில் நடக்கும் கராத்தே வகுப்பிலிருந்து மகள் ஒரு புதுப் பாடத்தோடு வந்தாள். கையில் எந்த இடத்தில் அடித்தால் எதிராளி பிடியை விடுவான் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். செய்து காட்ட ஆள் வேண்டுமே, தம்பி மாட்டினான். முழங்கையின் உட்பக்கம் ஒரே தட்டு. பையன் அலறிவிட்டான். மோதிர விரலும் சுண்டு விரலும் கொஞ்ச நேரம் மரத்துப் போய், அப்புறம் சரியானது.

"அடிச்சதை எப்படி எடுக்கிறது?"ன்னு கேட்டேன்.

"அதெல்லாம் சொல்லித் தரலைப்பா."

எனக்குச் சுருக்கென்றது. காரணம் இருக்கிறது.

என் ஊர் குமரி மாவட்டம், விளவங்கோடு பக்கம். 1991ல், பத்து வயதில், மாமரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு பிசகியது. அப்பா தூக்கிக்கொண்டு போனது ஆசானிடம். எண்ணெய் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கட்டு அவிழ்த்த அன்று, "ஆசானே, எனக்கு வர்ம அடி சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டேன். சிரித்தார். "முதல்ல கட்டப் படி மக்களே, அடி பொறவு பாப்போம்" என்றார். நான் இரண்டையும் படிக்கவில்லை. பி.காம். படித்தேன்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். நம் நாட்டில் இந்த இடங்களை எண்ணி எழுதிவைத்த பழைய நூல் சுஸ்ருத சம்ஹிதை. மொத்தம் 107 மர்மங்கள். அதில் 44 கைகால்களில், அதாவது ஒரு கைக்கு 11. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் க்ஷிப்ரம், மணிக்கட்டில் மணிபந்தம், முழங்கையில் கூர்ப்பரம், இப்படி அக்குள் வரை போகிறது. ஒவ்வொன்றிலும் காயம் பட்டால் என்ன ஆகும் என்றும் இருக்கிறது. கூர்ப்பரம் கெட்டால் கை முடமாகும். மணிபந்தம் கெட்டால் கை வேலைக்கு உதவாது.

கவனிக்க வேண்டியது, இந்தப் பட்டியல் சண்டைக்காரனுக்காக எழுதப்பட்டது அல்ல. அறுவை வைத்தியருக்கு. கத்தி எங்கே போகக்கூடாது என்பதற்கு! மர்ம அறிவுதான் அறுவை மருத்துவத்தில் பாதி என்கிறது அந்த நூல்.

எங்கள் பக்கத்து வர்மக் கணக்கு வேறு. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108. நூல்கள் தமிழில், ஓலைச்சுவடிகளில். மூல ஆசானாக அகத்தியரைச் சொல்வார்கள். சிலம்பமும் அடிமுறையும் கற்றுத்தரும் ஆசானேதான் எலும்பு முறிவுக்கும் கட்டுப் போடுவார். அடிக்கு எதிர் வேலைக்கு இளக்குமுறை என்று பெயர். அடி தெரிந்தவனுக்கு இளக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். கடன் கொடுக்கத் தெரிந்து வசூலிக்கத் தெரியாத மேலாளரை எந்த வங்கியும் வைத்துக்கொள்ளாது இல்லையா, அந்த மாதிரி.

1809ல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி முறிந்தபின் திருவிதாங்கூர்ப் படை பெரும்பாலும் கலைக்கப்பட்டது. போருக்கு ஆள் தேவைப்படாத காலத்திலும் விழுந்தவனும் கை ஒடிந்தவனும் இருந்தார்கள். வைத்தியம் ஆசான்களுக்குச் சோறு போட்டது. 1956ல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும், அதன்பின் நான் விழுந்தபோதும் ஆசான் வீட்டுத் திண்ணையில் கூட்டம் இருந்தது. ரோமன் சீலர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் குமரி ஆசான்களோடு பழகி 2015ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். வைத்தியமும் சண்டையும் ஒரே கையில் இருப்பதுதான் அதன் பொருள். ஆனால் ஊருக்கு வெளியே வர்மம் என்றால் 1996ல் வந்த 'இந்தியன்' படத்து இரண்டு விரல்தான்!

பையனுக்கு நடந்ததில் மாயம் ஒன்றுமில்லை. உல்நார் நரம்பு முழங்கையின் உட்பக்க எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் ஓடுகிறது. மேலே தோலைத் தவிர பெரிய பாதுகாப்பு இல்லை. அந்த இரண்டு விரல்களுக்கும் உணர்ச்சி அது வழியாகத்தான் போகிறது. லேசான தட்டு என்றால் கூச்சம். பலமாகவோ திரும்பத் திரும்பவோ அடித்தால் நரம்பே கெடலாம். அப்புறம் எந்த இளக்குமுறையை நம்பி உட்கார்ந்திருப்பது? மரப்பு விடவில்லை என்றால் டாக்டரிடம்தான் ஓட வேண்டும்.

அதனால் புதிதாகக் கற்பவர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான். முதலில் உங்கள் கையிலேயே தடவிப் பார்த்து இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். கூட்டாளியோடு செய்தால் கட்டைவிரலால் மெதுவாக அழுத்துங்கள், அடிக்காதீர்கள். அவர் தட்டிச் சொன்னதும் விட்டுவிடுங்கள்.

அம்மாவுக்குப் போன் செய்து விசாரித்தேன். ஆசான் தவறிப் பல வருடம் ஆகிறதாம். மகன் வளைகுடாவில். சுவடிகள் என்ன ஆயின என்று யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு மகள் மறுபடி தம்பியைக் கூப்பிட்டாள். "முதல்ல கட்டப் படி மக்களே" என்றேன். புனேயில் பிறந்தவளுக்குப் புரியவில்லை. உட்கார வைத்து, அவள் கையிலேயே ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டினேன். எனக்குத் தெரிந்தது மூன்றே மூன்று.