அணிலுக்கு வேலை கிடைத்த கதை

அணிலைக் காட்டிக் குழந்தைக்கு நாம் சொல்லும் முதல் கதை சேதுக் கதைதான்: அணில் மணல் சுமந்தது, ராமர் முதுகைத் தடவிக்கொடுத்தார், மூன்று விரல் பட்ட இடம் மூன்று கோடானது. இவ்வளவு பரவிய கதை ஆதியிலேயே இருந்திருக்கும் என்றுதான் தோன்றும். பழைய நூல்களைப் புரட்டினால் வேறோர் அணில் எதிர்ப்படுகிறது. அதற்குக் கோடு உண்டு, வேலை கிடையாது. எந்தெந்த விலங்கின் இளசைக் குட்டி என்று சொல்லலாம் எனப் பட்டியல் போடும் தொல்காப்பிய மரபியல், எலி, காட்டுப்பூனையோடு அணிலையும் சேர்த்து, அதன் வரி மூன்று என்று கணக்கும் வைத்திருக்கிறது. புறநானூறு 246-இல், கணவன் பூதப்பாண்டியனை இழந்து தீயில் இறங்கப்போகும் பெருங்கோப்பெண்டு கைம்பெண்ணின் நெய்யில்லாச் சோற்றை வெறுத்துப் பேசுகிறாள். அங்கே வெள்ளரிக்காய்க்கு உவமை அணிலின் வரி. அந்த வரியை யார் போட்டார்கள் என்ற கேள்வியே எழவில்லை. குறுந்தொகை 41-இல் ஆளில்லாத வீட்டு முற்றத்தில் அணில்கள் விளையாடுகின்றன. காதலன் பிரிந்தபோது தலைவியின் மனம் அந்த வீடு போலக் கிடக்கிறது. பாடியவரின் பெயர் தொலைந்துபோனதால் அவரை அணிலாடு முன்றிலார் என்கிறோம். வாடகை தராமல் குடியிருந்த அணில், கடைசியில் புலவரின் பெயரையும் எடுத்துக்கொண்டது.

இப்படிச் சும்மா திரிந்த பிராணிக்கு வேலை போட்டுக் கொடுத்தது பக்தி. வால்மீகியில் சேது கட்டும் அணில் இல்லை. தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலை 27-ஆம் பாசுரத்தில் இருக்கிறது. குரங்குகள் மலைகளைத் தள்ளிவர, அணில்கள் நீரில் நனைந்து, மணலில் புரண்டு, கடலை அடைக்க ஓடுகின்றன. அந்தக் கள்ளமற்ற அணிலைப்போலக்கூட நான் இல்லையே என்று ஆழ்வார் தன்னை நொந்துகொள்கிறார். வேலை நடக்கும் விதத்தைப் பாருங்கள்: கூடையில்லை, தட்டில்லை, ஈர மயிரில் ஒட்டிய மணல்தான் சுமை. உதறினால் ஒரு சிட்டிகை தேறுமா என்பது சந்தேகம். ஆனால் ராமர் தடவியதும் கோடு விழுந்ததும் அந்தப் பாசுரத்தில் இல்லை. தடவிக்கொடுக்கும் காட்சியைப் பின்னால் வந்த தெலுங்கு ரங்கநாத ராமாயணத்தில் பார்க்கிறோம். முதலில் வேலை, பிறகுதான் கூலி. ஆழ்வாருக்குப் பின் வந்த கம்பரோ சேதுபந்தனப் படலத்தில் அணிலைக் கண்டுகொள்ளவே இல்லை. மலைகளைப் பறக்கவிடுவதில் அவருக்கு அத்தனை மும்முரம்.

எழுத்தில் இல்லை என்பதால் வாய்ப்பேச்சிலும் இல்லை என்று ஆகிவிடுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆழ்வார் விளக்கம் எதுவும் சொல்லாமல் தொட்டுவிட்டுப் போவதால், மணல் சுமந்த கதை கேட்பவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும் என்றே நானும் கருதுகிறேன். விரல் கோடும் தெரிந்திருந்தால், அணிலுக்குக் கிடைத்த அந்தத் தொடுகை தனக்குக் கிடைக்கவில்லையே என்று ஏங்க அந்தப் பாசுரத்தைவிட நல்ல இடம் ஏது? தன்னை நொந்துகொள்ளும் பாட்டில் அதற்கு இடமில்லை என்று சிலர் மறுக்கலாம். அவர்களுக்கு அணிலின் முதுகையே சாட்சிக்கு அழைக்கிறேன். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டைச் சுற்றித் திரியும் அணிலுக்குக் கோடு மூன்று. வட இந்திய ஊர்களில் திரிவதற்கு ஐந்து. அயோத்திப் பக்கத்து அணிலைப் பார்த்துக் கட்டிய கதையென்றால் விரல் கணக்கு மாறியிருக்கும். மூன்று விரல் என்பது தெற்கத்தி முற்றத்தில் உட்கார்ந்து போட்ட கணக்கு. கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் அதற்கொரு காரணம் தேடியிருக்கிறார்கள்.

வேலைக்குச் சேர்ந்தால் பழியும் கூடவே வரும். 2021 ஜூனில், கம்பிமேல் ஓடும் அணில்களும் மின்தடைக்குக் காரணம் என்று தமிழக மின்துறை அமைச்சர் சொல்லப்போக, சமூக வலைத்தளங்கள் சில நாள் அணிலை வைத்தே பிழைத்தன. சிரித்தவர்களுக்கு ஒன்று: அமைச்சர் சொன்னது பொய்யில்லை. 1987-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையின் வியாபாரத்தையே ஓர் அணில் மின்தடை உண்டாக்கி நிறுத்தியிருக்கிறது. ஆனால் நம்மூர் அணில் கம்பிமேல் சதி செய்யப் போகவில்லை. வாய் நிறையத் தேங்காய் நாரையும் பஞ்சையும் அடைத்துக்கொண்டு, கம்பியில் உரசும் மரக்கிளை வழியாகக் கூட்டுக்குக் குறுக்குவழி பார்க்கிறது. அந்தக் கிளையை வெட்டும் வேலை இன்னும் மின்வாரியத்திடம்தான் இருக்கிறது. அதையாவது அணில் தலையில் கட்டாதிருங்கள்.