துரைமாரின் இரண்டு நாக்கு

1960களில் இலங்கையில் பதுளையை அடுத்த பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தவன் நான். தோட்டத்தை நிர்வகித்த துரைமாருக்கு இரண்டு நாக்கு உண்டென்பது சேர்ந்த புதிதிலேயே தெரிந்துவிட்டது. விடியற்காலை ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் தமிழ்; அது முழுக்கக் கட்டளை. பிறகு ஆபீசில் ஆங்கிலம். அது முழுக்கப் பணிவு.

அந்தத் தமிழைப் படிக்கப் புத்தகமே இருந்தது. சீமையிலிருந்து வந்திறங்கும் உதவித் துரைமாரான சின்னத்துரைமாருக்கென்று 19ஆம் நூற்றாண்டிலேயே கொழும்பில் பெர்குசன் குடும்பத்தார் ஒரு கையடக்க நூல் வெளியிட்டார்கள். அதன் பெயர் 'இங்கே வா'. கடைசியில் ஒரு 'ங்க' சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஆங்கிலத்தின் கதை வேறு. தோட்டத்தைப் பார்வையிட விசிட்டிங் ஏஜென்ட் வருவார். "களையெடுப்பில் இன்னும் சற்றுக் கவனம் செலுத்தலாமோ என்று தோன்றுகிறது" என்ற பாணியில்தான் அவர் அறிக்கை இருக்கும். வாசிக்கும் பெரியதுரையின் முகம் சிவந்துவிடும். அது ஏச்சு என்று அவருக்குத் தெரியும். அவர் சின்னத்துரையிடம் 'ஐ ஆம் அஃப்ரெய்ட்' என்று தொடங்குவார். சின்னத்துரை கங்காணியிடம் நேரே கத்துவார். கங்காணி மலையில் நின்ற ஆட்களிடம் சொன்னதை அச்சில் போட முடியாது.

முறைப்பாடு மேலே போகும்போதோ எல்லாம் தலைகீழ். "கணக்கப்புள்ள வேணுமுன்னே அரப்பேரு போட்டுட்டாருங்க ஐயா" என்று ஒரு அம்மா வந்து நிற்பார். முழு நாள் கொழுந்து பறித்தவருக்குப் பாதிச் சம்பளம். அதை நான் டைப் அடிக்கும்போது, "ஏதோ கவனக்குறைவால் முழுப்பேர் பதிவாகாமல் போயிருக்கக்கூடும் எனத் தாழ்மையுடன் அறியத்தருகிறேன்" என்றாகிவிடும். 'வேணுமுன்னே' போனது. கணக்கப்பிள்ளையும் போய்விட்டார். குற்றம் தானாக நடந்ததுபோல் வாக்கியம் நிற்கும். அப்படி எழுதாத கடிதம் குப்பைக்கூடைக்குத்தான் போகும், ஆகவே எழுதினேன். சில அரைப்பேர் முழுப்பேரானதும் உண்டு.

எங்கள் தோட்டம் இருந்த ஊவா 1886இல் தனி மாகாணமாகிப் பதுளை அதன் தலைநகரானது. அங்குள்ள அரசாங்க அதிபரின் அலுவலகமான கச்சேரிக்குப் போன மனுக்களின் நடையும் இதுவே. வேடிக்கை என்னவென்றால், 'முடியாது' என்று வரும் பதிலின் அடியிலும் 'யுவர் ஒபீடியன்ட் சேர்வன்ட்' என்றே கையொப்பமிருக்கும். மாகாணத்தையே ஆண்டவர் லயத்து ஆளுக்குக் கீழ்ப்படிந்த ஊழியராம்!

1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது. வெள்ளைத் துரைமார் போனார்கள், அரசின் ஜனவசம நிர்வாகம் வந்தது. 1992இல் மறுபடி கம்பனிகளின் நிர்வாகம். ஆபீஸ் ஆங்கிலம் மட்டும் அசையவில்லை.

நயமாகப் பேசுவது நல்ல பழக்கம்தான். ஆனால் எங்கள் மலையில் அந்த நயம் மேல்நோக்கியும் துரைமாருக்கிடையிலும் மட்டுமே போனது, கையொப்பத்தைத் தாண்டி ஆட்களிடம் ஒருநாளும் இறங்கவில்லை. அதை மரியாதை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பதுளை டவுனில் இன்று ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளே, 'குட் யூ ப்ளீஸ்' எல்லாம் நன்றாகப் பழகுங்கள். ஆனால் உங்கள் அம்மாவுக்கு அரைப்பேர் விழுந்தால், போட்டவர் யார் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.